கழித்தல் நூறு

ராயபுரம்
9 ஜனவரி 2026

அன்புத் தம்பி ஜெனிஷ்,

புது வருஷம் உனக்கு எந்தக் கடலில் பிறந்ததோ தெரியவில்லை. இங்கே அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு முழங்கால் மட்டும் மழைக்குப் பிறகு மக்கர் பண்ணுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் முதலாளி அந்தப் பழைய கப்பலுக்கு இன்னும் இன்டர்நெட் போட்டபாடில்லை, அதனால் வாட்ஸப்பில் உன்னைப் பிடிக்க வழியில்லை. கப்பல் மெயில்தான் கதி. அதையும் ஆபீஸிலிருந்து அனுப்பவில்லை, என் சொந்த போனிலிருந்து அனுப்புகிறேன்.

ஆபீஸ் மெயில் படுத்துவிட்டது. ஜனவரி ஒன்றிலிருந்து ஒரு கப்பலும் நம்மிடம் அரிசி கேட்கவில்லை, காய்கறி கேட்கவில்லை, கயிறு கேட்கவில்லை. ஜன்னலில் பார்த்தால் துறைமுகத்தில் கப்பல்கள் நிற்கின்றன, கிரேன்கள் மெதுவாகத் திரும்புகின்றன, ஒரு சத்தமும் நம் பக்கம் வரவில்லை. ஊரே நம்மை மறந்துவிட்டு வேறு ஏதோ கனவுக்குப் போன மாதிரி இருந்தது. நேற்று ஒரு கேப்டன் போனில் கத்தியபோதுதான் தெரிந்தது. மூன்று ஆர்டர் அனுப்பியிருக்கிறார், மூன்றும் நம் குப்பைப் பெட்டியில் கிடக்கின்றன. இந்த வருஷம் வந்த அத்தனை கடிதமும் அதற்குள்தான்.

டோல்கேட் கடையிலிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ் சுடலைராஜ் வந்தார். பின்னறையில் நீ வைத்துவிட்டுப் போன பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். "ஸ்பாம் ஃபில்டர் பன்னெண்டு வருசப் பழசு மேடம். மொத்தமா அழிச்சிட்டுப் புதுசு போட்ருவோம், அரை நாள் வேல" என்றார். அழிக்கக் கூடாது என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அதற்குள் நர்மதாவின் வரி இருக்கிறதே. காணாமல் போன அவள் புருஷன் வெற்றியின் படகு நம்பர் எந்தக் கடிதத்தில் வந்தாலும் தவறவிடாதே என்று நீ சொல்லச் சொல்ல நான் அடித்த வரி. அதை இழந்துவிட்டு அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

என்ன செய்ய, சொல்லு.

அக்கா ஐரீன்

*

கப்பலிலிருந்து
14 ஜனவரி 2026

அன்பு அக்கா,

நான் நலம். நாலு நாளாகக் கடல் எண்ணெய் தடவியது போல அசையாமல் கிடக்கிறது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள், படியில் ஓடாதே. அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

விஷயம் சின்னதுதான். ஃபில்டரோடு கூட வந்த பழைய விதிகளில் ஒன்று, 2026 முதல் 2099 வரை தேதி போட்ட கடிதமெல்லாம் கள்ளக் கடிதம் என்கிறது. அந்தக் காலத்தில் மோசடிக்காரர்கள் வேண்டுமென்றே எதிர்காலத் தேதி போட்டு அனுப்புவார்கள். விதியை எழுதியவனுக்கு இந்த வருஷம் நிஜமாகவே வரும் என்று தோன்றவில்லை போலிருக்கிறது. நானும் அதைப் புதுப்பிக்காமல் கப்பல் ஏறிவிட்டேன். இப்போது நாம் எல்லோரும், அதன் கணக்கில், இன்னும் வராத நாட்களில் நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

முதல் வேலை: குப்பைப் பெட்டி முப்பது நாளுக்கு ஒரு முறை தானே காலியாகும். இன்றைக்கே அதை நிறுத்து. இரண்டாவது: பின்னறைப் பெட்டிக்குள் இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, கடிதங்களுக்கு மார்க் போடும், ஊருக்கெல்லாம் பொதுவான விதிகள். பழசை எடுத்துப் புதுசு போட வேண்டியது அங்கேதான். இன்னொன்று நம் சொந்த ஃபைல். அதில் கை வைக்காதே. புது விதிகளைப் படித்த பிறகு பெட்டி கடைசியாக அதைப் படிக்கும், ஆகவே நம் சொல்தான் மேலே நிற்கும். எதற்கும் அதன் நகலை எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு புதுப்பிக்கலாம். எப்படி என்று கீழே வரிவரியாக எழுதியிருக்கிறேன்.

உன் ஜெனிஷ்

*

ராயபுரம்
20 ஜனவரி 2026

அன்புத் தம்பிக்கு,

தைலம் தேய்க்கிறேன். பொங்கலுக்கு நர்மதா வஞ்சிர மீன் கொடுத்துவிட்டுப் போனாள், உன்னை நினைத்துக்கொண்டே சாப்பிட்டோம். உன் உடம்பு தேவலையா?

குப்பை காலியாவதை நிறுத்திவிட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து அடித்து நம் ஃபைலைத் திறந்தேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

முழுக்க இங்கிலீஷ் பெரிய எழுத்தில் வரும் கடிதம்: -3. (கேப்டன்கள் தந்தி காலத்துப் பழக்கத்தில் இன்னும் கத்துகிற மாதிரியே எழுதுகிறார்களே, அவர்களுக்காக நீ போட்டது.)
தலைப்பு இல்லாத கப்பல் கடிதம்: -2.
வெற்றியின் படகு நம்பர்: 100.

கடைசி வரிதான் நான் அடித்தது. நீ அப்போது கொழும்பில் இறங்கிப் போனில் சொன்னாய், நினைவிருக்கிறதா? 2019 டிசம்பரில் வெற்றி தன் ஃபைபர் படகில் தனியாகப் போனான். துணைக்கு வர வேண்டியவன் ஜுரத்தில் படுத்துவிட்டான். தேடிப் போனவர்களுக்கு ஒரு கயிறுகூடக் கிடைக்கவில்லை. நாம் தெரிந்த கப்பலுக்கெல்லாம் எழுதினோம், இந்த நம்பர் போட்ட எது மிதந்தாலும் சொல்லுங்கள் என்று.

நர்மதா தினமும் காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைக் கப்பல் சப்ளைக்கு இறக்கிவிட்டு என் மேஜைக்கு வருவாள். "இன்னாக்கா, கடுதாசி எதுனா வந்துச்சா?" "இல்லடி." "சரி, வரும்." அவ்வளவுதான் பேச்சு. பொட்டு வைத்துக்கொண்டுதான் வருகிறாள். மீன் வேன் ஓட்டும் பகலவன் இரண்டு வருஷம் முன்னால் அவளைக் கட்டிக்கொள்வதாகக் கேட்டான். நல்ல பையன். "கடுதாசி வரட்டும், அப்பால பாக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். போன வருஷம் அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

ஃபைலைப் பார்த்துச் சீக்கிரம் எழுது. ஆர்டர்கள் குப்பையில் நாறுகின்றன.

ஐரீன்

*

கப்பலிலிருந்து
17 பிப்ரவரி 2026

அக்கா,

நலம். தாமதத்துக்கு மன்னித்துவிடு. வேலை.

ஃபைல் சரியாக இருக்கிறது. கடைசி வரியில் மட்டும் 100க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போடு. பிறகு புதுப்பித்துவிடு.

அப்பாவுக்கு என் அன்பு.

ஜெனிஷ்

*

ராயபுரம்
19 பிப்ரவரி 2026

அன்பு ஜெனிஷ்,

நாலு வாரம் காக்க வைத்துவிட்டு நாலு வரி எழுதுகிறாய். என் முழங்காலைக்கூட விசாரிக்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நேற்று விடிந்ததும் புதுப்பித்துவிட்டேன்! நீ எழுதிய ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்து அடித்தேன். முதலில் ஒரே ஒரு பழைய கடிதத்தை உள்ளே விட்டுப் பார்த்தேன், கேப்டனின் பெரிய எழுத்துக் கத்தல். சமர்த்தாக மேஜைக்கு வந்து சேர்ந்தது. அப்புறம் குப்பையிலிருந்த எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். ஆயிரத்துக்கு மேலே. சாயங்காலம் வரை வந்துகொண்டே இருந்தன, முட்டைகோஸ் கேட்டு, வெங்காயம் கேட்டு, பிறந்தநாள் கேக் கேட்டு. கேட்டவர்களெல்லாம் எப்போதோ போய்விட்டார்கள். போன மாதத்தின் பசி இன்றைக்கு வந்து கதவைத் தட்டுகிறது. படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், சந்தோஷமாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது.

கழித்தல் குறியும் போட்டாயிற்று. எதற்கென்று நீ சொல்லவில்லை.

ஐரீன்

*

கப்பலிலிருந்து
12 மார்ச் 2026

அன்பு அக்கா,

உன் முழங்கால் எப்படி? அப்பா நடக்கப் போகிறாரா? நான் சுகம்.

இன்று மத்தியானம் பனிமூட்டம். கப்பலின் மூக்கு எனக்குத் தெரியவில்லை. பால் டம்ளருக்குள் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. மணிக்கொரு தரம் ஹாரன் அடித்தோம், ஒரு முறை தூரத்தில் யாரோ பதில் அடித்தார்கள். அது இன்னொரு கப்பலா, நம் சத்தமே திரும்பி வந்ததா என்று சமையல்காரன் லியோனார்டும் நானும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். வீடு இருக்கும் திசைகூடப் புரியவில்லை.

கழித்தல் குறி புது விதிகளுக்காகத்தான். அவை அப்படித்தான் கேட்கும். அதையே யோசித்துக்கொண்டிருக்காதே.

ஜெனிஷ்

*

ராயபுரம்
30 மார்ச் 2026

தம்பி,

நீ நலமாக இருக்க வேண்டும். நேற்று குருத்து ஞாயிறு, அப்பாவைக் கைத்தாங்கலாகக் கோவிலுக்குக் கூட்டிப் போனேன். எனக்குத்தான் பூசையில் மனம் நிற்கவில்லை.

போன வாரம் போலி லாட்டரிக்காரன் ஒருவன் தினம் இருபது கடிதம் அனுப்பினான். நானே அவனுக்கு ஒரு விதி எழுதிப் பார்த்தேன். குப்பைக்குப் போக வேண்டும் என்று -5 போட்டேன். அவன் ராஜா மாதிரி மேஜைக்கு வந்தான். +5 என்று மாற்றினேன், குப்பைக்குப் போனான். ஒருமுறைக்கு நாலுமுறை செய்து பார்த்தேன். இந்தப் பெட்டியின் கணக்கில் மார்க் ஏற ஏறக் கெட்டது. ஐந்தைத் தொட்டால் குப்பை. நல்லதென்றால் கழிக்க வேண்டும்.

கேப்டன்களுக்கு நீ போட்ட -3 பழைய விதிகளிலும் சரியாகத்தான் வேலை செய்தது. புது விதிகளுக்காகக் கழித்தல் குறி என்பது பொய். ஏன்டா பொய் சொன்னாய்?

ஆறு வருஷமாக வெற்றியின் நம்பரைச் சொல்லி யார் எழுதியிருந்தாலும், என் கையால் அடித்த நூறுதான் அதைக் குப்பைக்கு அனுப்பியிருக்கும். முப்பதாம் நாள் அழிந்தும் இருக்கும். மிச்சமிருக்கும் குப்பை முழுக்கத் தேடிவிட்டேன், ஒன்றும் இல்லை.

நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். நீ போனில் "மைனஸ் நூறு" என்றுதான் சொன்னாய். தெளிவாகக் கேட்டது. அடிக்கப் போனேன், எதிரே நர்மதா நின்றுகொண்டிருந்தாள். இது நாம் போகும்போது "வரேன்" என்று சொல்கிற ஊர். கடலுக்குப் போய்த் திரும்பாதவன் நம்பருக்கு முன்னால், அவன் பெண்டாட்டி பார்க்கக் கழித்தல் குறி போட எனக்கு மனம் வரவில்லை. நூறு என்றால் நூறு, பள்ளிக்கூடத்தில் நல்ல பிள்ளைக்குப் போடுவது போல, என்று அந்தக் குறியை விட்டுவிட்டேன். வாய்க்கு வந்த அபசகுனத்தை விழுங்குவது போலத்தான் நினைத்தேன். உன்னிடம் சொல்லவும் இல்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐரீன்

*

கப்பலிலிருந்து
4 ஏப்ரல் 2026

அக்கா,

சாப்பிடு. முதலில் அதைச் செய்.

உன் ஜனவரிக் கடிதத்தில் அந்த 100ஐப் பார்த்ததும் என்ன நடந்திருக்கும் என்று புரிந்துவிட்டது. நான்தான் "மைனஸ்" சொல்ல மறந்துவிட்டேன் என்று நினைத்தேன். நாலு வாரம் எழுதாமல் இருந்தது அதனால்தான், வேலையால் இல்லை. பனிமூட்டத்தைப் பற்றி எழுதி உன்னை ஏமாற்றினேன். வெட்கமாக இருக்கிறது.

ஒருவரும் எழுதாமலும் இருந்திருக்கலாம். கடல் பெரிது, அக்கா. திரும்ப எல்லாக் கப்பலுக்கும் ஒருமுறை எழுதிப் பார். இப்போது வரி சரியாக இருக்கிறது, வந்தால் நேரே உன்னிடம்தான் வரும். அதுவரை நர்மதாவிடம் ஒன்றும் சொல்லாதே.

ஈஸ்டர் வாழ்த்துகள். அப்பாவிடம் நான் சிரித்தபடி எழுதியதாகச் சொல்.

ஜெனிஷ்

*

ராயபுரம்
2 ஜூன் 2026

அன்பு ஜெனிஷ்,

அப்பா சுகம். என்னைக் கேட்காதே.

எல்லாக் கப்பலுக்கும் எழுதினேன், நம்பரைப் போட்டு. ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. ஒவ்வொரு நாளும் அவள் கேட்பதும் நான் இல்லையென்பதும் நடந்தது. ஆறு வருஷம் சொன்ன அதே சொல்லைத்தான், இப்போது கணக்கு நோட்டிலிருந்து தலையெடுக்காமல் சொன்னேன். வரக் கூடாது என்றுகூட ஒரு நாள் வேண்டிக்கொண்டேன், ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

நேற்று காலை வந்தது. ரொமேல் என்ற பிலிப்பைன்ஸ்காரர், சரக்குக் கப்பலில் டெக் வேலைக்காரர்களின் தலைவர். பழக்கதோஷத்தில் முழுக்கப் பெரிய எழுத்து. அவர் சொல்வது இதுதான். 2020 மார்ச்சில் உங்களுக்கு எழுதினேன். அந்தமானுக்குக் கிழக்கே பிப்ரவரியில், ஃபைபர் படகின் பக்கத்துண்டு ஒன்றை நாங்கள் தூக்கினோம், ஒரு கை நீளம், நம்பர் முழுசாக இருக்கிறது. உங்களிடமிருந்து பதில் இல்லை. இரண்டாம் முறையும் எழுதினேன். பதில் இல்லை. வீச மனமில்லாமல் ஊருக்குக் கொண்டு போனேன். என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. என் மனைவி ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அதன் முன்னால் மெழுகுவத்தி ஏற்றுகிறாள், பெயர் தெரியாததால் நம்பரைச் சொல்லி ஜெபிக்கிறாள்.

இரண்டு முறை எழுதியிருக்கிறார், ஜெனிஷ். நாம் முகம் பார்க்காத ஒரு வீட்டில் ஆறு வருஷமாக வெற்றிக்கு விளக்கு எரிகிறது. இங்கே அவன் பெண்டாட்டி பொட்டு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

ஐரீன்

*

கப்பலிலிருந்து
6 ஜூன் 2026

அக்கா,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதை மட்டும் உண்மையாக எழுது.

ஆகஸ்டில் நான் இறங்குகிறேன். அதுவரை பொறு. நான் வந்து, கழித்தல் குறியைச் சொல்ல மறந்தது நான்தான் என்று நர்மதாவிடம் சொல்லிக்கொள்கிறேன். எப்படியும் நான் வருஷத்தில் பத்து மாதம் கடலில் இருப்பவன், அவள் கோபம் என்னைத் துரத்த முடியாது. நீ அவளைத் தினமும் பார்க்க வேண்டியவள். யோசித்துப் பார்.

ஜெனிஷ்

*

ராயபுரம்
24 ஜூன் 2026

அன்புத் தம்பி,

நீ நன்றாயிருக்க வேண்டும். உன் மனசு எனக்குத் தெரியும், ஆனால் உன்னை அவளிடம் பொய் சொல்ல விட மாட்டேன். அவள் ஏற்கெனவே இரண்டு மாதம் அதிகமாகக் காத்திருந்துவிட்டாள், அதுவும் நான் பயந்ததால்.

பன்னிரண்டாம் தேதி காலை காசிமேட்டில் அவள் வீட்டுக்கே போனேன். வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், கழித்தல் குறியையும், ஏன் விட்டேன் என்பதையும். ரொமேல் கடிதத்தைத் தமிழில் வாசித்தேன். கேட்டு முடிக்கும்வரை கூடையை விட்டுக் கையெடுக்கவில்லை. அப்புறம், "தெனம் வந்து கேட்டுகினு போனேனே, அப்ப நான் யாராண்ட கேட்டேன்?" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பத்து நாள் வரவில்லை. மீன் மட்டும் வேறு ஆள் கையில் வந்தது. நான் அவள் வரும் நேரத்துக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று வந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. "எழுது" என்றாள். அவள் சொன்னதை இங்கிலீஷாக்கி, ரொமேலுக்குப் பழக்கமான பெரிய எழுத்தில் அனுப்பினேன். அவள் வாயிலிருந்து வந்ததை ஒரு சொல் மாற்றாமல் உனக்குக் கீழே எழுதுகிறேன். நீயும் படிக்க வேண்டும்.

அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

அக்கா ஐரீன்

"ரொமேலண்ணே, நான் நர்மதா. வெற்றி பொஞ்சாதி. காசிமேட்டுல கீறேன். நீ நல்லா கீறியா? உன் பொஞ்சாதி நல்லா கீதா?

நீ போட்ட கடுதாசி ஆறு வருசம் கயிச்சி எனுக்கு வந்துச்சு. உம்மேல தப்பு இல்ல. நீ அந்தத் துண்டத் தூக்கசொல்ல கடல் எப்டி இருந்துச்சு? காத்து இருந்துச்சா? சும்மா கெடந்துச்சுன்னா அப்டியே சொல்லு. பக்கத்துல வேற எதுனா மெதந்துகினு இருந்துச்சா? படிச்சா மனசு நோவும்னு எழுதாம வுட்டியா? அப்டி எதுனா இருந்தா எழுது. நான் தாங்குவேன்.

அந்தத் துண்ட எனுக்கு அனுப்பு. உன் பொஞ்சாதிக்கு வெளக்கு ஏத்த அவரு போட்டோ ஒண்ணு அனுப்பறேன். இத்தினி நாளா மொகம் தெரியாமலே ஏத்திகினு கீது, பாவம். பேரு வெற்றின்னு சொல்லு.

இத்த எழுதறது ஐரீனக்கா. உன் கடுதாசிய குப்பைல போட்டது இதான். அது மேல எனுக்குக் கோவம் கீது. எப்பப் போவும்னு தெரியாது. போவுமான்னே தெரியாது. எனுக்கு இங்கிலீசு வராது, அதால இதாண்டயே வந்து சொல்லிகினு கீறேன். இத்தயும் எழுதுன்னேன், எழுதுது. அழுதுகினே அடிக்குது. அத்தயும் அடின்னேன்."